குதிகால் தரையில் படாத குழந்தை: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு மாவட்ட அரசு மருத்துவமனை வளாகத்தில் இயங்கும் டி.இ.ஐ.சி. மையத்தில் பிசியோவாக வேலை பார்க்கிறேன். பிறவிக் குறைபாடு, வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து சிகிச்சைக்கு வழிகாட்டும் மையம் இது. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் வருகிறது. இங்கே பதிவு செய்வது ஒரு பெண் குழந்தையின் கதை. பெற்றோரின் சம்மதத்துடன், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களைத் தவிர்த்து எழுதியிருக்கிறேன். இதில் நடந்த தவறுகளில் ஒன்று என்னுடையது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பின்னணி

குழந்தை வீட்டுக்கு மூத்தது. அப்பா பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லர். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த அம்மா, பிறகும் பெரும்பாலும் அங்கேயே இருந்தார். அந்த வீட்டில் குழந்தையின் அம்மாயியும் (அம்மாவின் அம்மா) அப்புச்சியும் (அம்மாவின் அப்பா) இருந்தார்கள். சொல்லப்போனால் முதல் ஒன்றரை ஆண்டு அம்மாயியின் கையில்தான் குழந்தை வளர்ந்தது.

நிறைமாதத்திலும் குழந்தையின் தலை கீழே திரும்பவில்லை. பிட்டம் கீழாகவே இருந்ததால் சிசேரியன் செய்தார்கள். எடை 2.8 கிலோ, பிறந்ததும் அழுதது, மூன்றாம் நாளே நன்றாகப் பால் குடித்தது. டிஸ்சார்ஜ் தாளில் பிட்டம் கீழாக இருந்த விவரம் ஒரு வரியில் எழுதப்பட்டிருந்தது. இடுப்பைச் சோதித்தார்களா என்பது பற்றி அதில் எதுவும் இல்லை. சோதித்துவிட்டு எழுதாமல் விட்டிருக்கலாம்.

அந்தத் தாள் ஒரு பிளாஸ்டிக் கவரில் ரேஷன் கார்டு நகலோடு பீரோவுக்குள் போய்விட்டது. 6, 10, 14 வாரத் தடுப்பூசிகளுக்கும் 9 மாத ஊசிக்கும் தடுப்பூசி அட்டை மட்டும்தான் கூடப் போனது. பிட்டம் கீழாக இருந்த செய்தி அதன்பிறகு எந்த மருத்துவரின் கண்ணிலும் படவில்லை.

வீட்டில் மட்டும் ஒரு விஷயம் தெரிந்திருந்தது. மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோதே, காலில் போட்டுக் குளிப்பாட்டும் நேரத்தில் இடது தொடை வலதைப் போல விரிவதில்லை என்று அம்மாயி கவனித்திருக்கிறார். இடது தொடையில் சதை மடிப்பு ஒன்று கூடுதலாக இருந்ததையும் பார்த்திருக்கிறார். ‘கொழுகொழுன்னு இருக்குது, அதான்’ என்று விட்டுவிட்டார். இதை அவர் மறைக்கவில்லை. பதினாறு மாதங்கள் கழித்து நான் கேட்கும்வரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நடக்கத் தொடங்கிய பிறகு

பத்தாவது மாதத்தில் தவழ்ந்தது. பதினைந்தாவது மாதத்தில் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தது, அடுத்த இரண்டு வாரத்தில் வண்டியை விட்டுவிட்டுத் தனியாகவும் நடந்தது. அதாவது நடப்பதில் தாமதம் ஏதும் இல்லை. பின்னால் பலரும் ‘பெரிதாக ஒன்றும் இருக்காது’ என்று நினைக்க இதுவும் ஒரு காரணம். பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகியிருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் ஏறக்குறைய உரிய வயதிலேயே நடந்துவிடுவார்கள். எப்படி நடக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் தெரியும்.

இந்தக் குழந்தை இடது குதிகாலைத் தரையில் ஊன்றவே இல்லை. வலது பாதம் முழுதாகப் படும், இடதில் முன்பாதம் மட்டும் படும். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு இடப்பக்கம் சாய்ந்து எழும். ‘வாத்து மாதிரி நடக்குது’ என்று தெருவில் சிரித்தார்கள். குழந்தைக்கு வலி இருந்ததாகத் தெரியவில்லை, நாள் முழுக்க ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த நான்கு மாதங்களில் குடும்பம் சும்மா இருக்கவில்லை. முதலில் ஊரில் சுளுக்கு எடுப்பவரிடம் மூன்று முறை எண்ணெய் போட்டு நீவினார்கள். பிறகு நகரத்தில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனார்கள். அங்கே பாதத்தைப் பார்த்து, தட்டைப் பாதம் என்றும் சத்துக் குறைவு என்றும் சொல்லி, கால்சியம் சிரப்பும் வைட்டமின் டி சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்தார்கள். உள்ளங்காலைத் தூக்கிப் பிடிக்கும் தனி வகை ஷூ வாங்கவும் சொன்னார்கள். ஷூவுக்கு 1,800 ரூபாய் ஆனது, அப்பாவுக்கு அது மூன்று நாள் தையல் கூலி. நடைவண்டி தள்ளினால் சரியாகிவிடும் என்றும், வெள்ளித் தண்டை போட்டால் கால் கனத்துக் குதி கீழே இறங்கும் என்றும் உறவினர்கள் சொன்னார்கள். அதையும் செய்து பார்த்தார்கள்.

ஷூவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் வரும் பெற்றோரில் பாதிப் பேர் அதோடுதான் வருகிறார்கள். இரண்டு வயதுக் குழந்தையின் பாதம் தட்டையாகத் தெரிவது இயல்பு. உள்ளங்காலில் கொழுப்பு இருக்கும், தசைநார்கள் தளர்வாக இருக்கும். வளைவு பிறகுதான் எழும். தளர்வான தட்டைப் பாதம் உள்ள குழந்தைகளுக்குத் திருத்தும் ஷூவும் உள்ளட்டையும் கொடுத்து மூன்று ஆண்டுகள் கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1989-ல் வெளியானது. போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இடையே வித்தியாசம் ஏதும் அதில் தெரியவில்லை. நம் நாட்டிலேயே ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் கால்தடங்களைப் பதிவு செய்து 1992-ல் எழுதினார்கள். செருப்பு, ஷூ போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம்தான். ஆக, இந்தக் குழந்தைக்குத் தட்டைப் பாதமே பிரச்சினையாக இருந்திருந்தாலும் 1,800 ரூபாய் வீண்தான்.

ஆனாலும் அந்த ஷூ ஒரு விதத்தில் உதவியது. இரண்டு மாதம் போட்டதில் வலது ஷூவின் அடிப்பாகம் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. இடது ஷூவில் முனை மட்டும் கிழிந்துபோய், குதிப் பக்கம் கடையில் வாங்கியது போலவே புதிதாக இருந்தது.

முதல் வருகையும் என் தவறும்

பத்தொன்பதாவது மாதத்தில் அங்கன்வாடிக்கு வந்த நடமாடும் மருத்துவக் குழு குழந்தையின் நடையைப் பார்த்து எங்களுக்கு அனுப்பியது. பரிந்துரைச் சீட்டில் ‘நுனிக்கால் நடை, பிசியோதெரபி தேவை’ என்று எழுதியிருந்தது.

அன்று கூட்டம் அதிகம். குழந்தையை நடக்க வைத்துப் பார்த்தேன், பிறகு மடியில் உட்கார வைத்தபடியே கணுக்காலைச் சோதித்தேன். முழங்காலை நீட்டி வைத்துப் பாதத்தை மேல்நோக்கி மடக்கினேன். எந்தத் தடையும் இல்லாமல் மடங்கியது. கெண்டைக்கால் தசையில் இறுக்கம் இல்லை, நரம்புக் கோளாற்றில் வரும் விறைப்பும் இல்லை. இதையெல்லாம் என் கையாலேயே குறிப்பேட்டில் எழுதினேன். எழுதிவிட்டு, குதிகால் தசைநாரை நீட்டும் பயிற்சியைத் தினம் மூன்று வேளை செய்யச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் இது அபத்தம். கணுக்கால் தாராளமாக மடங்குகிறது என்றால், குதிகால் தரையில் படாததற்குக் காரணம் கணுக்காலில் இல்லை. வேறு எதற்காகவோ குழந்தை குதியைத் தூக்குகிறது. அதுவும் ஒரு காலில் மட்டும்தான் தூக்குகிறது என்பது அதைவிட முக்கியமான துப்பு. பழக்கத்தால் நுனிக்காலில் நடக்கும் குழந்தைகள் இரண்டு காலிலும் அப்படித்தான் நடப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் மூளை, நரம்பு சார்ந்த ஒருபக்க பாதிப்பு, கால் நீள வித்தியாசம், இடுப்பு மூட்டு விலகல் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். படிக்கும்போது எனக்குச் சொல்லிக் கொடுத்தது, நானே மாணவர்களுக்குச் சொல்வதும்கூட. ஆனால் சீட்டில் ‘நுனிக்கால் நடை’ என்று எழுதியிருந்தது, ஏற்கெனவே ஒருவர் பாதத்தைப் பார்த்து ஷூ கொடுத்திருந்தார், குழந்தை அழுதுகொண்டிருந்தது, வெளியே இன்னும் பதினோரு பேர் காத்திருந்தார்கள். நானும் பாதத்தையே பார்த்தேன்.

பத்து நாள் கழித்து வந்தார்கள். மாற்றம் இல்லை. ‘ஒழுங்காகச் செய்தீர்களா?’ என்று அம்மாவிடம் கேட்டேன். இந்தக் கேள்விக்காக இப்போதும் வருத்தப்படுகிறேன். அவர் மூன்று வேளையும் ஒழுங்காகவே செய்திருந்தார்.

டயப்பர் மாற்றிய நேரம்

மூன்றாம் முறை வந்தபோது அம்மாயியும் கூட வந்திருந்தார். பாயில் படுக்க வைத்துப் பயிற்சி செய்யும்போது குழந்தை மலம் கழித்துவிட்டது. அம்மா அங்கேயே டயப்பர் மாற்றினார். வலது காலை ஒதுக்கினார், போனது. இடது காலை ஒதுக்கும்போது குழந்தையின் இடுப்பே ஒரு பக்கமாகத் திரும்பியது. அம்மா அதற்குப் பழகிப்போயிருந்தார். யோசிக்காமல் குழந்தையை லேசாகச் சாய்த்துத் துடைத்துவிட்டார்.

“இந்தப் பக்கம் எப்பவுமே இப்படித்தானா?”

“ஆமாங்க மேடம். பொறந்ததுல இருந்து இந்தக் கால் விரியாதுங்க. டயப்பர் போடறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும்.”

அம்மாயி பக்கத்திலிருந்து, “குளிக்க வார்க்கறப்பவே எனக்குத் தெரியுமுங்க. கேக்கோணும்னுதான் நெனச்சேன்” என்றார்.

குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு முழங்காலையும் மடக்கி, பாதங்களைப் பாயில் சேர்த்து வைத்தேன். இடது முழங்கால் வலதைவிட ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. தொடைகளை விரித்தால் வலது 70 பாகை போனது, இடது 40-லேயே நின்றுவிட்டது. தொடை மடிப்புகள் சமமாக இல்லை. இடது காலில் எடை விழும்போதெல்லாம் உடம்பு இடப்பக்கம் சாய்வதற்கும் இப்போது காரணம் புரிந்தது. தொடை எலும்பின் தலை அதன் குழிக்குள் இல்லாததால், இடுப்பைச் சமமாகத் தூக்கிப் பிடிக்க வேண்டிய தசைக்குப் பிடிமானம் இல்லை. தலை மேலே ஏறி நின்றதால் கால் குட்டையாகிவிட்டது. குட்டையான காலைத் தரைக்கு எட்ட வைக்கக் குழந்தை குதியைத் தூக்கி நின்றது. பாதத்தில் எந்தக் கோளாறும் இல்லை. சொல்லப்போனால் குழந்தைக்குத் தெரிந்த வைத்தியத்தை அந்தப் பாதம்தான் செய்துகொண்டிருந்தது.

அன்றே எங்கள் மையத்தின் குழந்தை மருத்துவரிடம் காட்டி, இடுப்பு எக்ஸ்ரே எடுத்தோம். இடது தொடை எலும்புத் தலையின் எலும்பு மையம் வலதைவிடச் சிறியதாக, குழிக்கு வெளியே மேல்நோக்கி நின்றது. குழியின் கூரை வலது பக்கம் 24 பாகைச் சரிவு, இடது பக்கம் 38. வளரும் பருவ இடுப்பு மூட்டுக் கோளாறு, முழு விலகல். நாங்கள் வழக்கில் டி.டி.எச். என்போம்.

மூத்த குழந்தை, பெண், பிட்டம் கீழாக இருந்த பிரசவம், இடது பக்கம். பாடப்புத்தகத்தில் இந்தக் கோளாற்றுக்குச் சொல்லும் அடையாளங்கள் நான்கும் இந்த ஒரு குழந்தையிடம் இருந்தன.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் எலும்பியல் பார்க்கும் மருத்துவரிடம் அனுப்பினோம். அனுப்புவதற்கு முன் குடும்பத்தை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினேன். பயிற்சியை நிறுத்தச் சொன்னேன், ஷூவும் வேண்டாம் என்றேன். பயிற்சியாலோ நீவுவதாலோ கட்டுப் போடுவதாலோ இந்த வயதில் மூட்டு உள்ளே போகாது என்பதை வெளிப்படையாகச் சொன்னேன்.

அம்மா கேட்ட முதல் கேள்வி: “மூணு மாசத்துலயே தெரிஞ்சிருந்தா?”

தெரிந்திருந்தால் பாவ்லிக் வார்ப்பட்டை என்று ஒன்று உண்டு. கால்களை மடக்கி விரித்தபடி வைத்திருக்கும் துணிப்பட்டை அது. ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்தால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவே போதும், கத்தி வைக்க வேண்டியதில்லை. இதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று தயங்கினேன். சொன்னேன். பொய் சொன்னால் பிறகு வேறு யாராவது சொல்லுவார்கள், அப்போது என்னையும் நம்பமாட்டார், அறுவைச் சிகிச்சை மருத்துவரையும் நம்பமாட்டார். அவர் கொஞ்ச நேரம் அழுதார். அம்மாயிக்கு வேறு கவலை: தான் காலை இழுத்து நீவியதால் கழன்றுவிட்டதோ என்று. அதனால் இல்லை என்று அவருக்கு இரண்டு மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. துணியில் கால்களை நேராக நீட்டி இறுகச் சுற்றி வைப்பதுதான் இடுப்புக்கு ஆகாது. நம் ஊர்ப் பெண்கள் குழந்தையை இடுப்பில் கால் விரித்து உட்கார வைத்துத் தூக்குவது மூட்டுக்கு நல்லது.

எலும்பியல் மருத்துவர் இரண்டு வழிகளைச் சொன்னார். மயக்கம் கொடுத்து, மூட்டுக்குள் மருந்து செலுத்திப் படம் பார்த்து, தலையைக் கையாலேயே குழிக்குள் தள்ளிப் பார்ப்பது முதல் வழி. உள்ளே போய் நிலையாக நின்றால் இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டு போடலாம். நிற்காவிட்டால் திறந்து, உள்ளே அடைத்திருப்பதை விலக்கி, தலையை உட்கார வைத்து, இடுப்பெலும்பை வெட்டிக் கூரையைச் சாய்க்க வேண்டும். டொரண்டோவைச் சேர்ந்த ராபர்ட் சால்டர் 1961-ல் விவரித்த முறை அது, ஒன்றரை வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குச் செய்வார்கள். வயது 18 மாதத்தைத் தாண்டிவிட்டதால் இரண்டாவது வழிக்கே வாய்ப்பு அதிகம் என்றும் சொல்லிவிட்டார்.

அப்புச்சி ஒப்பவில்லை. ‘பொட்டப்புள்ளைக்கு இடுப்புல கத்தி வெக்கறதா, நாளைக்குப் பிரசவம் என்னாகறது’ என்பது அவர் கேள்வி. எலும்பு கட்டும் வைத்தியர் ஒருவரிடம் கூட்டிப் போகலாம் என்றார். அவரிடம் வாதாடிப் பயனில்லை என்று தோன்றியது. எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வலது பந்து எங்கே இருக்கிறது, இடது பந்து எங்கே இருக்கிறது என்று அவரையே விரல் வைத்துக் காட்டச் சொன்னேன். காட்டினார். பெரிய மருத்துவமனையிலும் இதே கேள்வியைக் கேட்டார். இடுப்பைச் சரிசெய்யாமல் விட்டால் முப்பது வயதுக்குள் தேய்மானமும் வலியும் வரக்கூடும், பிரசவக் காலத்தில் அதுவே பெரிய சிரமம் என்று அங்கே பொறுமையாகப் பதில் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர் தடுக்கவில்லை. இதில் மூன்று வாரம் போனது.

இன்னொரு முடிவு பருவத்தைப் பற்றியது. அப்போது ஏப்ரல். கத்திரி வெயிலில் மார்புக்குக் கீழிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டோடு, தகரக் கூரை வீட்டில் ஒரு குழந்தையை வைத்திருப்பது எப்படி? ஜூனுக்குத் தள்ளலாமா என்று அம்மா கேட்டார். “ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பெரிய வித்தியாசம் வராது, ஆறு மாதம் தள்ளினால் வரும்” என்றார் மருத்துவர். ஜூன் இரண்டாம் வாரத்துக்குத் தேதி குறித்தார்கள். அந்த இடைவெளியில் அப்பா சில லோடு கூடுதலாகத் தைத்துப் பணம் சேர்த்துக்கொண்டார். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்ததால் அறுவைச் சிகிச்சைக்குத் தனியாகக் கட்ட வேண்டியிருக்கவில்லை. போக்குவரத்து, சாப்பாடு, வேலைக்குப் போகாத நாட்கள்தான் செலவு.

அறுவைச் சிகிச்சையும் மாவுக்கட்டும்

மேசையில் கையால் தள்ளிப் பார்த்தபோது தலை உள்ளே போனது, ஆனால் காலைச் சற்றே நேராக்கினாலும் வெளியே வந்துவிட்டது. திறந்துதான் செய்தார்கள். இடுப்பெலும்பிலிருந்தே ஒரு துண்டை எடுத்து, வெட்டிய இடத்தில் ஆப்பு போல வைத்து, இரண்டு கம்பிகளால் நிறுத்தினார்கள். குழந்தைக்கு அப்போது 21 மாதம்.

அடுத்த பன்னிரண்டு வாரம் மாவுக்கட்டு. நடுவில், ஆறாம் வாரத்தில், மயக்கம் கொடுத்து ஒருமுறை மாற்றிப் போட்டார்கள். இந்தப் பன்னிரண்டு வாரத்தைப் பற்றி மருத்துவமனையில் கொடுத்த அறிவுரைத் தாள் ஒரே பக்கம்தான். வீட்டில் வேலை செய்தது என்ன என்பதை அம்மாவிடம் கேட்டு எழுதி வைத்தேன், மற்றப் பெற்றோர்களுக்கு அதைத்தான் இப்போது கொடுக்கிறேன்.

மாவுக்கட்டில் மலஜலம் கழிக்க விட்டிருந்த திறப்புக்குள் சிறிய அளவு டயப்பரை மடித்துச் செருகி, அதற்கு மேலே பெரிய அளவு டயப்பர் ஒன்றைக் கட்டின் வெளிப்புறமாகப் போட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்றினார்கள், இரவிலும். தலைப்பக்கம் எப்போதும் உயரமாக இருக்கும்படி தலையணை வைத்தால் சிறுநீர் முதுகுப் பக்கம் ஏறாது. அப்பா நார்க்கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்தார். அந்த யோசனை தாளில் இல்லை. கட்டிலையே சாய்த்துவிட்டதால் தலையணை நழுவும் பிரச்சினையும் போனது. பகலில் சில மணி நேரம் குப்புறப் போட்டு, முன்னால் தட்டில் அரிசியும் டம்ளரும் வைத்து விளையாட விட்டார்கள். கால் விரல்களின் நிறம், சூடு, அசைவு ஆகியவற்றைக் காலையும் மாலையும் பார்த்தார்கள். அரிக்கிறது என்று அழுதபோது அம்மாயி ஊக்கோ குச்சியோ உள்ளே விடாமல் விசிறியால் வீசினார். முன்பே எச்சரித்திருந்தேன், ஏனென்றால் இன்னொரு குழந்தைக்கு அப்படி உள்ளே போன பென்சில் முனையால் புண்ணாகியிருந்தது.

இரண்டு கஷ்டங்களை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒன்று, குழந்தையின் கோபம். ஓடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அசைய முடியாமல் போனதும் முதல் பத்து நாள் அம்மாவை அடித்தது, சாப்பாட்டைத் துப்பியது. இன்னொன்று தூக்குவது. மாவுக்கட்டோடு எடை பதினான்கு கிலோவுக்கு மேல். அம்மாவுக்கு மூன்றாம் வாரமே முதுகுவலி வந்துவிட்டது. பஸ்ஸில் உட்கார வைக்கவும் முடியாது, விரிந்த கால்கள் சீட்டில் அடங்கா. ஒவ்வொரு முறையும் காரோ ஆட்டோவோ பிடிக்க வேண்டியிருந்தது.

பிறகு நடந்தவை

கட்டைப் பிரித்ததும் நடந்துவிடும் என்று குடும்பம் எதிர்பார்த்தது. நடக்கவில்லை. முழங்கால் விறைத்திருந்தது, தோல் செதில் செதிலாக உரிந்தது, தொட்டாலே அழுதது. நிற்க வைத்துப் பார்க்கலாமா என்று அப்பா கேட்டார், வேண்டாம் என்றேன். பன்னிரண்டு வாரம் எடை தாங்காத எலும்பு மெலிந்திருக்கும், அவசரப்பட்டால் முறியக்கூடும். முதல் வாரம் வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் காலை ஆட்டுவது மட்டும்தான். பிறகு தவழ விட்டோம். இரவில் கால்களை விரித்து வைக்கும் பிரேஸ் மூன்று மாதம் போட்டார்கள். ஐந்தாம் வாரம் சுவரைப் பிடித்து எழுந்தது, ஏழாம் வாரம் தனியாக நடந்தது. யாரும் நிற்க வைக்கவில்லை, தானாகவே எழுந்தது. அன்று இடது குதிகால் தரையில் பட்டது. அப்பா எடுத்த செல்போன் வீடியோவில் குழந்தையின் முகமே இல்லை, பாதம் மட்டும்தான் இருக்கிறது.

கம்பிகளை எடுத்தாகிவிட்டது. ஓராண்டு கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் தலை குழிக்குள் இருக்கிறது, உருண்டையாக வளர்ந்து வருகிறது. ரத்த ஓட்டம் குறைந்து தலை சிதையும் அபாயம் இந்தச் சிகிச்சையில் உண்டு, அதற்கான அறிகுறி இதுவரை இல்லை. சாயங்காலம் களைத்துப்போனால் இடப்பக்கம் லேசான சாய்வு இப்போதும் தெரிகிறது. எலும்பு வளர்ச்சி முடியும்வரை, அதாவது பதின்பருவம்வரை, குறிப்பிட்ட இடைவெளியில் எக்ஸ்ரே பார்க்க வேண்டும். இன்னொரு அறுவைச் சிகிச்சை தேவைப்படாது என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை.

மாற்றியவை

எங்கள் மையத்தில் நடை சார்ந்த புகாரோடு வரும் எந்தக் குழந்தையையும் இப்போது மடியில் வைத்துச் சோதிப்பதில்லை. உடையைக் கழற்றிப் பாயில் படுக்க வைத்து, இடுப்பிலிருந்து தொடங்கிக் கீழே வருகிறோம். பாதம் கடைசி. பரிந்துரைச் சீட்டில் எழுதியிருப்பதைச் சோதனை முடிந்த பிறகுதான் படிக்கிறேன். இது கொஞ்சம் விசித்திரமான பழக்கம் என்று உடன் வேலை செய்பவர்கள் கேலி செய்வதுண்டு.

பதிவுத் தாளில் இரண்டு கேள்விகளைச் சேர்த்தோம். குழந்தை தலை கீழாகப் பிறந்ததா, பிட்டம் கீழாக இருந்ததா? டயப்பர் அல்லது துணி மாற்றும்போது இரண்டு காலும் ஒரே அளவு விரிகிறதா? இரண்டாவது கேள்வியை அம்மாவிடம் மட்டுமல்ல, குளிப்பாட்டுபவர் யாரோ அவரிடம் கேட்க வேண்டும் என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறோம். கிராம சுகாதார செவிலியர்களுக்கு நடந்த ஒரு மாதாந்திரக் கூட்டத்தில், 14 வார ஊசி போட வரும்போது தொடைகளை ஒருமுறை விரித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். அரை நிமிட வேலை. பிறந்த சில நாட்களில் செய்யும் இடுப்புச் சோதனையில் உணரக்கூடிய, தொடை எலும்பின் தலை குழிக்குள் போய்வரும் அசைவு இரண்டு மூன்று மாதத்தில் மறைந்துவிடும். அதன்பிறகு தொடை விரியாமல் இருப்பதுதான் கைக்குக் கிடைக்கும் முக்கியமான அடையாளம். சிலர் பார்க்கிறார்கள், எல்லோரும் பார்ப்பதாகச் சொல்ல முடியாது.

நான் செய்யத் தவறிய இன்னொன்றும் உண்டு. ஷூ எழுதிக் கொடுத்த கிளினிக்குக்கு இந்த எக்ஸ்ரேயின் நகலோடு ஒரு கடிதம் எழுத நினைத்தேன். குறை சொல்வதாக ஆகிவிடுமோ என்று தள்ளிப்போட்டு, எழுதாமலே விட்டுவிட்டேன். எழுதியிருக்க வேண்டும். அவர் தவறவிட்டதும் நான் தவறவிட்டதும் ஒன்றே, எனக்கு மட்டும் திருத்திக்கொள்ள ஒரு டயப்பர் கிடைத்தது.

கட்டைப் பிரித்த அடுத்த ஆண்டு அந்தக் குடும்பத்தில் இரண்டாவது குழந்தை, பையன். தலை கீழாக இருந்து சுகப்பிரசவம். ஆறாம் வாரத்தில் அம்மாயி அவனைத் தூக்கிக்கொண்டு எங்கள் மையத்துக்கு வந்தார், கையில் அந்த பிளாஸ்டிக் கவர். டிஸ்சார்ஜ் தாள் மேலாக இருந்தது. “அக்காளுக்கு இருந்துதுங்க, இவனுக்கும் பாத்துருங்க” என்றார். தொடைகள் இரண்டும் சமமாகவே விரிந்தன. உடன்பிறந்தவருக்கு இருந்ததால் அதோடு நிறுத்தாமல் ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்தோம். பச்சைக் குழந்தையின் இடுப்பை ஸ்கேன் செய்து அளவெடுக்கத் தெரிந்தவர் எங்கள் ஊரில் இல்லை, இரண்டு மணி நேரம் பயணம் செய்து போய் எடுத்து வந்தார்கள். இரண்டு பக்கமும் சரியாக இருந்தது.